இரண்டிலேயே குத்துகிறவள்

மார்ச் 4

அடி சின்னவளே,

வந்து சேர்ந்துவிட்டேன். உன் வீட்டுக் கதவைத் தோளால் ஒரு இடி இடித்தால்தான் பூட்டுத் திறக்கும் என்று நீ சொல்லவில்லை. மூன்றாவது மாடியில் பெட்டியோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டினேன். உள்ளே இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். உன் வீட்டுக்கு யாரும் சாப்பிட வருவதே இல்லையா?

சரி, சண்டைக்கு வருகிறேன். எட்டுக் குழந்தைகளைப் பற்றிப் பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்தால் வேறு எந்த டாக்டரும் நன்றி சொல்லியிருப்பாள். நான் டாக்சியில் ஏறுகிற நேரத்தில் நீ என்ன சொன்னாய்? "நானும் பதினெட்டு வருஷமா கேன்சர் குழந்தைங்களைத்தான்க்கா பார்க்கிறேன், பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்தல." டாக்சிக்காரர் சிரித்தார். காசநோய் பிடித்து, மூன்று மாதம் சொந்த வார்டுப் பக்கமே வரக்கூடாது என்று அனுப்பப்பட்டவளிடம் பேசுகிற பேச்சா அது?

அனுப்பியது சரிதான். எதிர்ப்புச் சக்தியே இல்லாத குழந்தைகள் நடுவே யார் இருமிக்கொண்டு நிற்பது? எட்டுப் பேருக்கும் எக்ஸ்ரே எடுத்து, ஒருவருக்கும் ஒட்டவில்லை என்று தெரிகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டிலும் பரீட்சைக்குப் படிக்கிற மகள், அவளுடைய அப்பாவோ கப்பலில். அதனால்தான் உன் வீட்டில் நான், என் வீட்டில் நீ. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தால் கோபம் வராதா என்ன?

காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் ஏழாம் கட்டில் வக்கீல். ஒன்பது வயது. ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டரை வருட சிகிச்சை, முடிய இன்னும் எட்டு மாதம்தான். வயிற்றுப்போக்கு என்று உள்ளே வந்திருக்கிறாள். நம் போனை மேசைமேல் வைத்தால் போதும், எடுத்துப் படித்துவிட்டுக் குறுக்கு விசாரணை ஆரம்பித்துவிடுவாள். "வெள்ளை அணு கம்மின்னு எழுதியிருக்கு, எவ்வளவு கம்மி? நேத்து எவ்வளவு?" அதனால் போனில் எதுவும் எழுதாதே.

கடைசியாக ஒன்று. பதினொரு பக்கத்தையும் தூக்கிப் போடு, இதை மட்டும் விடாதே. முதுகு ஊசி போடும்போது மூன்று எண்ணுவேன் என்று சொல்லிவிட்டு இரண்டிலேயே குத்திவிடுவேன். அது குழந்தைகளுக்கும் தெரியும். பன்னிரண்டு வருடப் பழக்கம், மாற்றாதே.

என்னைக் கேட்டார்களா?

அக்கா

*

மார்ச் 11

அக்கா,

கேட்டார்கள். காலையில் கேட்டார்கள், மத்தியானம் கேட்டார்கள், வாந்தி எடுத்துக்கொண்டே ஒருவன் கேட்டான். போதுமா?

எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: டூப்ளிகேட். வைத்தவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. "மூக்கு அதே மூக்கு, நடை அதே நடை. ஆனா ஒரிஜினல் வர்ற வரைக்கும்தான் இவங்க" என்று புதிதாக வந்த அம்மா ஒருத்திக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் பெற்றவர்கள் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், என் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுகிறார்கள். என் ஆஸ்பத்திரியில் எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. அவர்கள் உட்கார்ந்துவிட்டால் வலிக்கும் என்பதும் அதனால் எனக்குத் தெரியாமல் இருந்தது. மறைப்பானேன், எனக்கு வயிறு எரிகிறது.

உன் மகள் முதல் மூன்று நாள் "சித்தி, சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசுகிறாள். என்ன பேசினோம் என்று கேட்காதே, சொல்லமாட்டேன்.

ஊசி விஷயம். நான் மூன்றில்தான் குத்தினேன்.

முதலில் வக்கீல். சுவரைப் பார்த்து ஒருக்களித்துச் சுருண்டு படுத்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனையில குத்துவீங்க?"

"மூணுல."

"மூணுன்னா ரெண்டா?"

"மூணுன்னா மூணு."

என்னோடு சேர்ந்து அவளும் எண்ணினாள். முடிந்து பஞ்சு வைத்து அழுத்தும்போது தலையைத் திருப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நிஜமாவே மூணுலதான் குத்தினீங்க" என்றாள். ஏதோ திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி. அதற்குப் பிறகு வந்த நான்கு பேரும் மூன்றுதான் வேண்டும் என்றார்கள்.

கோபப்படுவாய். என் பால் பல்லை நினைத்துக்கொள். எனக்கு ஆறு வயது, உனக்குப் பத்து. பல்லில் நூலைக் கட்டி, "மூணு சொன்னதும் இழுப்பேன்" என்றாய். இரண்டில் பல் உன் கையில் இருந்தது. வலிக்கவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றிலிருந்து நீ எதை எண்ண ஆரம்பித்தாலும் நான் வாயைப் பொத்திக்கொள்வேன்.

சின்னவள்

*

மார்ச் 16

சின்னவளே,

பெரிய சிஸ்டருக்கு போன் செய்து வார்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சின்ன டாக்டர் வந்ததிலிருந்து ஊசி ரூம்ல சத்தமே இல்ல டாக்டர்" என்றாள். என்னைக் குளிர்விப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். போனை வைத்துவிட்டு உன் டம்ளர் ஒன்றை உடைத்தேன். கைதவறி அல்ல. இனி உனக்கு ஒரு டம்ளர்தான்.

இரண்டில் குத்துவது பொய் இல்லை, அது தொழில். மூன்றுக்காகக் காத்திருக்கிற குழந்தை மூச்சைப் பிடிக்கும், முதுகு கல் மாதிரி இறுகும். என் முதல் வருடத்தில் ஒரு சின்னப் பயல் மூன்றில் துள்ளி, ஊசி வளைந்து, மறுபடி குத்தி, மறுபடி குத்தி, அவனுடைய அம்மா வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அன்று முடிவு செய்தது இது. இரண்டில் முதுகு இளகியிருக்கும். நீ வந்து ஒரு வாரத்தில் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாய்.

இங்கே எனக்கு வேலை என்ன? மாத்திரை விழுங்குவது, அதனால் சிவப்பாகச் சிறுநீர் கழிப்பது, உன் ஜன்னலில் நின்று எதிரே இருக்கிற பள்ளிக்கூடத்தைப் பார்ப்பது. மற்றவர்கள் குழந்தைகள் விளையாடுவதைப் பார்ப்பார்கள். நான் யார் வெளுத்திருக்கிறார்கள், யார் கால் தாங்கி நடக்கிறார்கள் என்று பார்க்கிறேன். நேற்று ஒரு பையன் நொண்டினான். உயிரே போய்விட்டது. செருப்புக்குள் கல்.

தெர்மாமீட்டர் தேடினேன். மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு கவர். தபால்தலை ஒட்டியிருந்தது, அனுப்பவில்லை. பிரித்தேன், ஆமாம், பிரித்தேன். விண்ணப்பம். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. என் வார்டு, என் வேலை. நான் சேர்ந்த அதே மாதம்.

அதுதான் விஷயமா? அன்றைக்குக் கிடைக்காததை இன்றைக்குக் குழந்தைகளைக் கைக்குள் போட்டுக்கொண்டு வாங்கப் பார்க்கிறாயா? வாய்க்கு வந்ததை எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஆனாலும் எதையும் அடித்துத் திருத்தப்போவதில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

தெர்மாமீட்டர் குளியலறை அலமாரியில் இருக்கிறது. கவருக்குள் இருக்காது.

ஆமாம், எழுதினேன். மறுநாள் தபாலில் போட வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் நீ வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "விண்ணப்பம் போட்டுட்டேன், வேலை எனக்குத்தான்மா" என்று அம்மாவிடம் சொன்னாய். நான் கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். தியாகம் கியாகம் என்று கற்பனை செய்துகொண்டு உருகாதே. உன்னோடு நின்று தோற்க எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாக உன்னிடம் சொல்லவில்லை. நீ குடையாமல் இருந்திருந்தால் இனிமேலும் சொல்லியிருக்கமாட்டேன்.

வேறொரு விஷயம். போனில் உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வக்கீலுக்கு வயிறு சரியாகிவிட்டது. ஆனால் இரண்டு பரிசோதனையாகத் தட்டணுக்கள் இறங்குகின்றன. நேற்றைய ரத்தத்தை நானே கண்ணாடித் துண்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன், பார்த்தது பிடிக்கவில்லை. எலும்பு மஜ்ஜை எடுத்துச் சோதித்துப் பார்க்கப் போகிறேன்.

சின்னவள்

*

மார்ச் 25

சின்னவளே,

மருந்தால் இறங்கியிருக்கும். மாத்திரை அளவைப் பார்த்தாயா? வைரஸாக இருக்கலாம். நீ பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பாய் என்றும் தெரிகிறது.

எது வந்தாலும் அவளிடம் நீ சொல்லாதே. சாதாரண செக்கப் என்று சொல்லிவை. நான் வந்து சொல்கிறேன். வார்டுக்குள் வரக்கூடாது என்றால் முகமூடி போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்கிறேன். ஏழு வயதில் அப்பாவின் தோளில் தொங்கிக்கொண்டு வந்தவள். அவளுடைய முதல் மொட்டையைப் பார்த்து முதலில் சிரித்தவள் நான். அவள் என்னுடையவள். உன் ஆஸ்பத்திரியில் உனக்கென்று ஐம்பது பேர் இருக்கிறார்கள், இவளையாவது எனக்கு விடு.

வராந்தாவில் வேகமாக நட. நாம் மெதுவாக நடந்தால் பெற்றவர்கள் முடிவைக் கால் சத்தத்திலேயே படித்துவிடுவார்கள்.

அக்கா

*

ஏப்ரல் 1

அக்கா,

திரும்ப வந்துவிட்டது. மஜ்ஜையில் பாதிக்குப் பாதி கெட்ட அணுக்கள்.

அவளுடைய அப்பாவிடம் சொன்னேன். பஸ் டிரைவர் இல்லையா, சீருடையிலேயே வந்திருந்தார். கேட்டு முடித்து, "நான் இப்ப வண்டி எடுக்கணும், எடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என் அறையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா வீட்டில், ஐந்து வயதுச் சின்னப் பெண்ணோடு.

வக்கீலிடம் செக்கப் என்றுதான் சொல்லியிருந்தேன். நீ சொன்னாய் என்பதற்காக. பதினெட்டு வருடத்தில் ஒரு குழந்தையிடம் நான் சொன்ன முதல் பொய். நேற்று என் கோட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"செக்கப்புன்னா அப்பா ஏன் டூட்டிக்குப் போகல?"

சீக்கிரம் சொல்கிறேன் என்றேன். நீ வருகிறவரைக்கும் காத்திருக்கலாமா என்று அவளிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "பெரிய டாக்டர் வந்து சொன்னா உனக்கு நல்லாயிருக்குமா?" என்றேன். அவள் சொன்னதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

"பெரிய டாக்டரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா அவங்க எது சொன்னாலும் ஒண்ணைக் குறைச்சுத்தான் சொல்வாங்க. மீதியை நானே கண்டுபிடிக்கணும். நீங்களே சொல்லிடுங்க."

இதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். அந்தக் குழந்தைக்கு அப்படி ஒரு முடிவு வந்திருக்கிற நேரத்தில், உன்னை ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். இன்னும் கழுவின மாதிரி இல்லை.

சின்னவள்

*

ஏப்ரல் 5

சின்னவளே,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் உன்னைத் திட்டித் திட்டி எழுதினேன். எல்லாம் உன் குப்பைக்கூடையில் இருக்கிறது, வந்து படித்துக்கொள். ஒன்றில் உன்னைப் பிள்ளை பிடிப்பவள் என்று எழுதியிருக்கிறேன்.

அவள் சொன்னது சரி. ஊசியில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும் ஒன்றைக் குறைத்தே எண்ணியிருக்கிறேன். முடி கொட்டும் என்பதைக் கொஞ்சம் கொட்டும் என்பேன். ஆறு வாரத்தை ஒரு மாதம் என்பேன். குழந்தைகளுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் முகம் மாறுவதை நான் பார்க்க முடியாமல்தான் அது. இதை உன்னிடம் ஒத்துக்கொள்ள நேர்ந்ததே எனக்குக் கசக்கிறது.

நீயே சொல். முழுசாகச் சொல்.

ஆனால் கேட்டுக்கொள். நின்றுகொண்டு சொல்லாதே, அவளைவிடத் தாழ உட்கார். கையைப் பிடிக்காதே, பிடித்தால் விஷயம் மோசம் என்று கண்டுபிடித்துவிடுவாள். காகிதமும் பென்சிலும் கொடு, கேள்விகளை எழுதிக்கொள்வாள். அப்பா கூட இருக்கட்டும், ஆனால் கதவுப் பக்கம்.

உனக்கு அழுகை வந்தால் துணி அறைக்குப் போகாதே. துணி அறை என்னுடையது. பன்னிரண்டு வருடமாக அங்கேதான் அழுகிறேன். வேறு இடம் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 10

அக்கா,

சொல்லிவிட்டேன். ஊசி அறையில், முக்காலியில் உட்கார்ந்து சொன்னேன். பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டாள், எழுதவில்லை.

"இது செத்துப்போற மாதிரியானதா?"

"சில பேர் செத்துப்போறாங்க. நிறைய பேர் பிழைச்சுக்கறாங்க. நீ எந்தப் பக்கம்னு எனக்கு இப்பத் தெரியாது. தெரிஞ்சா சொல்வேன்."

"முதல்ல வந்ததைவிடக் கஷ்டமா?"

"ஆமா. அதைவிட."

"மறுபடி மொட்டையா?"

"மறுபடி மொட்டை."

பென்சிலை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றாள். அப்பாவும் நானும் வெளியே வந்தோம். அழுவாள், கூப்பிடுவாள், அப்போது உள்ளே போகலாம் என்று கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னவள் மடியில்தானே அழுவாள் என்று ஒரு நினைப்பு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அழுகைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நாங்கள் கவனிக்காமலே உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.  ஆயா ஈரக் கையைப் புடவையில் துடைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்து, அப்புறம் வா என்று தலையை அசைத்தாள். வந்துவிட்டேன்.

கடும் மருந்து ஆரம்பித்தாகிவிட்டது. அது வேலை செய்தால் மஜ்ஜை மாற்று சிகிச்சை. அதற்கு என் ஆஸ்பத்திரிக்குத்தான் வரவேண்டும், உன் ஊரில் அந்த வசதி இல்லை. தங்கையின் ரத்தத்தைப் பொருத்தம் பார்க்க அனுப்பியிருக்கிறேன்.

சின்னவள்

*

ஏப்ரல் 15

சின்னவளே,

ஆயாவா? நான் சேர்ந்த நாளிலிருந்து அந்த வார்டில் இருக்கிறாள். "இங்க ஈரமா இருக்கு, பார்த்துப் போங்க" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

நீயும் நானும் பங்கு பிரித்துக்கொண்டு அடித்துக்கொள்கிறோம், அவள் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இன்று முழுக்க எனக்கு அவள்மேல் பொறாமை. உன்மேல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, சந்தோஷப்பட்டுக்கொள்.

அக்கா

*

மே 8

அக்கா,

மருந்து வேலை செய்திருக்கிறது. மஜ்ஜை இப்போதைக்குச் சுத்தம். தங்கையின் ரத்தம் முழுப் பொருத்தம். இப்படி இரண்டு நல்ல செய்தி ஒரே வாரத்தில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

வக்கீல் வேண்டாம் என்கிறாள்.

"அவ எலும்புக்குள்ள இருக்கறது எனக்கு வேணாம்."

"ஏன்மா?"

"ஒரு ரப்பர் குடுத்ததுக்கே ஒரு வருஷமாச் சொல்லிக்காட்டுறா. இதைக் குடுத்தா நான் சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டுவா."

சிரித்துவிட்டேன். சிரித்தது தப்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரிடம் சொன்னாள். "நான் இங்க இருந்த ரெண்டு வருஷமும் அம்மா பக்கத்துல அவதான் படுத்தா. என் சைக்கிளை அவதான் ஓட்டறா. இப்ப இதுலயும் அவளுக்குத்தான் பேரா?"

அப்பா கையெழுத்துப் போட்டால் போதும், தெரியும். ஆனால் ஆறு வாரம் கிருமி படாத கண்ணாடி அறைக்குள், ஒவ்வொரு மாத்திரைக்கும் வாயை மூடிக்கொள்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அப்பா கெஞ்சிப் பார்த்தார், அம்மா வந்து அழுதுபார்த்தாள். அம்மா அழுததும் இன்னும் கெட்டுப்போய்விட்டது. நான் உண்மையைச் சொன்னேன், இது இல்லாவிட்டால் நோய் மறுபடி வரும் என்று. "தெரியும்" என்றாள். இவளிடம் உண்மை போதவில்லை அக்கா. நான் எல்லாருக்கும் இளையவள். மூத்தவள் வயிற்றில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

சின்னவள்

*

மே 12

சின்னவளே,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது, கடைசியில் என்னிடம்தானே வந்தாய் என்று. உனக்கும் அப்படித்தானே வந்தது, சரிக்குச் சரி.

என் சளிப் பரிசோதனை முடிவு வர இன்னும் மூன்று வாரம். அதுவரை வர முடியாது. இதோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டியிருக்கிறது, நீ படிக்காதே. படிப்பாய் என்று தெரியும். என்னைப் போலத்தானே நீயும்.

அக்கா

வக்கீல் அம்மாவுக்கு,

உன்னிடம் எப்போதும் ஒன்றைக் குறைத்தே எண்ணியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் குறைக்கவில்லை.

எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள், டூப்ளிகேட். அவள் பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்தால் எனக்கு எரியும். அவள் உனக்கு மூன்றில் குத்தினாள் என்று கேட்டு ஒரு டம்ளரை உடைத்தேன். நீ என்னை நம்பாமல் அவளை நம்பினாய் என்று கேட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு ஐம்பது வயது. பெரியவளானால் இது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, எனக்குப் போகவில்லை.

எனக்கு நோய் வந்தபோது நான் கூப்பிடாமலே ஒரு பையோடு மறுநாள் வந்து நின்றாள். என் வேலையை எடுத்துக்கொண்டாள், தன் வீட்டைக் கொடுத்தாள். நான் நன்றி சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். வாங்கிக்கொண்டதால் அவளை எனக்குப் புதிதாகப் பிடித்துவிடவில்லை. தங்கையிடம் வாங்க அவளைப் பிடித்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

உன் தங்கை சொல்லிக்காட்டுவாளா என்றால், கட்டாயம் சொல்லிக்காட்டுவாள். அப்போது பதிலுக்குத் திருப்பிக் கொடுக்க நீ வேண்டாமா? நீ இல்லாத வீட்டில் சைக்கிளும் அவளுக்கே, அம்மா பக்கத்து இடமும் அவளுக்கே. விட்டுக்கொடுத்துவிடப் போகிறாயா?

பெரிய டாக்டர்

*

மே 17

அக்கா,

படித்தேன். அவளுக்கு முன்னாலேயே படித்தேன்.

அவள் மூன்று தரம் படித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு நிஜமாவே உங்கமேல பொறாமையா?" என்றாள்.

"நிஜமாவே."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான். நிறைய."

"இவ்வளவு பெரியவங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சாயங்காலம் அப்பாவிடம் சரி என்றாள். ஒரு நிபந்தனை. தங்கைக்கு ஊசி போடும்போது எத்தனையில் குத்தப்போகிறோம் என்று அவளிடம் சொல்லக்கூடாதாம். தூங்க வைத்துவிட்டுத்தான் எடுப்போம் என்றேன். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

சின்னவள்

*

ஜூன் 14

சின்னவளே,

நான் வார்டுக்குத் திரும்பி ஐந்து நாள் ஆகிறது. சளியில் ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போட்டு விட்டுவிட்டார்கள். நான் இங்கே கிளம்பி வந்த அன்று காலையிலேயே நீ அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டு எல்லாரும் எழுந்து நின்றார்கள். எனக்கு எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது. வார்டு, வீடு, துணி அறை. மகள் மட்டும் சாப்பாட்டு மேசையில் "சித்தி இருந்தா இதுக்குச் சிரிச்சிருப்பாங்க" என்கிறாள். ஏழாம் கட்டிலில் புதுப் பையன் வந்திருக்கிறான், நல்ல பையன், கேள்வியே கேட்பதில்லை.

நேற்று முதுகு ஊசி. மூன்று வரை எண்ணிக் குத்தினேன். நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அவன் அசையவில்லை. உன்னிடம் இதைச் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

அவளைப் பற்றி எழுது. எதையும் குறைக்காமல் எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 9

அக்கா,

குறைக்காமல் எழுதுகிறேன். மாற்று சிகிச்சை முடிந்து இன்று பத்தொன்பதாம் நாள். நடுவில் ஒன்பது நாள் காய்ச்சல். வாய் முழுக்கப் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. பதினொரு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆமாம், இல்லை என்பதற்குக்கூடக் கண்ணைத்தான் மூடித் திறந்தாள். கேள்வி கேட்காத வக்கீலைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு தடவை அவளை இழந்துவிடுவோம் என்று நினைத்தேன். உனக்கு போன் செய்ய எடுத்து, எடுத்து வைத்தேன்.

மூன்று நாளாக வெள்ளை அணுக்கள் ஏறுகின்றன. தங்கையுடையது வேர் பிடித்துவிட்டது. இன்னும் நூறு நாள் தாண்ட வேண்டும், அதற்குப் பிறகும் எதுவும் நிச்சயம் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்று மத்தியானம் அவளுடைய அப்பா தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே விடமாட்டோம். கண்ணாடிக்கு வெளியே நின்று, சுவரில் இருக்கிற போனில் பேசலாம். ஐந்து வயது, போன் எட்டவில்லை. அப்பா தூக்கிப் பிடித்தார். எடுத்ததும் ஒரே கத்தல், கண்ணாடியைத் தாண்டி உள்ளே கேட்கிற அளவுக்கு:

"உன் உடம்புக்குள்ள இருக்கறது என்னோடது! டாக்டர் சொன்னாங்க! எல்லாம் என்னோடது!"

வக்கீல் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள் அக்கா. தானாக எழுந்து, மருந்துப் பை தொங்குகிற கம்பியைத் தள்ளிக்கொண்டு, கண்ணாடி வரை நடந்தாள். உள்ளே இருக்கிற போனை எடுத்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது.

"குடுத்தா குடுத்ததுதான். இப்ப என்னோடது. திருப்பிக் கேட்க முடியாது. போடி!"

"போ மாட்டேன்!"

"என் சைக்கிளைத் தொட்டே, பாரு!"

அப்பாவால் தூக்கிப் பிடிக்க முடியவில்லை, தோள் குலுங்கியது. தங்கை கண்ணாடியில் நாக்கை நீட்டினாள். வக்கீலும் நீட்டினாள், நாக்கு முழுக்கப் புண். நர்ஸ் ஓடி வந்து என்னைப் பார்த்தாள், நிறுத்தச் சொல்வேன் என்று. நான் நிறுத்தச் சொல்லவில்லை. பத்து நிமிடம் சண்டை போட்டார்கள்.

பன்னிரண்டு வருடமாக உன்னிடம் எதையும் சொல்லிக்காட்டியதில்லை. விண்ணப்பத்தைச் சொல்லவில்லை, மூன்று மாதம் வந்து வேலை பார்த்ததைச் சொல்லவில்லை. இதை விடமாட்டேன். உனக்கு எரியட்டும், சாப்பாடு இறங்காமல் போகட்டும், டம்ளரை உடை.

அவள் எழுந்து நடந்ததை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை.

சின்னவள்